வேங்கையின் கழுத்து

அவன் போனில் என் பெயர் 'எலக்ட்ரீஷியன்' என்று பதிந்திருக்கிறது. பல வருஷமாகத் தினமும் காலை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் கூப்பிடுகிறான். அந்த வீட்டில் அப்படி என்னதான் வயர் தினமும் எரிந்துபோகிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கும் பத்து மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தது அவன் இல்லை, அவன் மகள்.

"எலக்ட்ரீஷியனா? அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். பித்தப்பை சீழ் வச்சு வெடிச்சிருச்சாம், ஜுரத்துல பினாத்தறார். பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன். வயரிங் வேலை ஏதாவது பாக்கி இருந்தா அடுத்த வாரம் பேசிக்கலாம்."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குப் பயம் வந்தது. பித்தப்பைக்காக இல்லை. பித்தப்பை போனால் போகட்டும், அது இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாகத்தான் நடமாடுகிறார்கள். என் பயமெல்லாம் மயக்க மருந்தைப் பற்றி. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்காகத் தொண்டைக்குள் ஒரு குழாய் விடுவார்கள், அதற்குத் தலையைப் பின்பக்கமாக நன்றாகச் சாய்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் குடலிறக்கம் அறுத்தபோது அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். என் தலையைச் சாய்த்தால் ஒன்றும் ஆகாது. அவன் தலையைச் சாய்த்தால் பிழைப்பதே சந்தேகம், பிழைத்தாலும் கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாது. அவன் கழுத்தின் மேல் எலும்பு பதினெட்டு வருஷத்துக்கு முன்பு உடைந்தது. உடைந்தது ஒட்டவே இல்லை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவன், வேங்கை, ஜுரத்தில் பினாத்திக்கொண்டு கிடக்கிறான். மிச்சம் நான்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது. நாங்கள் இரண்டு பேரும் மல்யுத்தக்காரர்கள். ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் மல்யுத்தம். கயிறு கட்டிய மேடை, பளபளக்கிற ஜட்டி, முதுகில் நாற்காலி அடி, எல்லாம் உண்டு. யார் ஜெயிப்பது என்று மத்தியானமே கம்பெனி முதலாளி சொல்லிவிடுவார். அவன் பெயர் வேங்கை, நல்லவன். நான் கருந்தேள், நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எதிராளி கண்ணில் பொடி தூவுகிறவன். ஊர் ஊராகப் போய் அவனை அடித்து, கடைசியில் அவனிடம் தோற்பதுதான் என் உத்தியோகம். தோற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. நல்லவனும் கெட்டவனும் வெளியே ஒன்றாகத் தென்படக் கூடாது. தனித்தனி பஸ், தனித்தனி லாட்ஜ், தனித்தனி டீக்கடை. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே மேஜையில் சாப்பிட்டதை ஒரு ரசிகன் பார்த்துவிட்டான் என்று மறுநாளே இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. வீட்டிலும் உண்மையைச் சொல்லக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உளறிவிடும். நான் கல்யாணமான முதல் வாரமே என் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், எனக்கு வாய் நிற்காது. வேங்கை சொன்ன சொல் தட்டாத பயல். பெண்டாட்டி சாகும்வரை அவளிடம்கூட மூச்சு விடவில்லை. மேடையில் அடி வாங்கின நடிப்பை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய், 'எல்லாம் அந்தத் தேள் பண்ணின வேலை' என்று முனகிக்கொண்டே ஒத்தடம் வாங்கிக்கொள்வான். அவன் மகள் அதைப் பார்த்து வளர்ந்தவள். ஒன்பது வயசில் ஒரு நாள் மேடை ஓரத்துக்கு ஓடிவந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். நாலு பல் பதிந்தது. அவன் மேடையில் குப்புறக் கிடந்தபடி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். வேங்கை அழுகிறான் என்று ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அந்தப் பெண்ணிடம்தான் இப்போது நான் போய் நிற்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு இவ்வளவு என்ன அவசரம் என்று எரிச்சல் பட்டிருப்பாள். ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் பாடம் எடுத்தது. பீரோவைத் திறந்து துணிகளையெல்லாம் தரையில் இழுத்துப் போட்டு, அடித்தட்டில் இருந்த பழுப்புக் கவரை எடுத்தேன். உள்ளே அவன் கழுத்தின் எக்ஸ்ரே படம் இருந்தது.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க. எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் என் பெண்டாட்டி.

"வந்து சொல்றேன்" என்று செருப்பை மாட்டினேன்.

டாக்ஸிக்காரன் ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி ஓட்டினான். "தம்பி, வண்டிக்கு மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றேன். "முன்னாடி பாருங்க சார், பாலம் பூரா வண்டி நிக்குது" என்றான். அவன் மேல் தப்பில்லை. தப்பில்லாதவன் மேல் எரிந்து விழுவது என் வழக்கம், அதனால் எனக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என் வலது முட்டியில் குருத்தெலும்பு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு அடிக்கும் எலும்பும் எலும்பும் உரசும். கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினேன். மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மறித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"நீங்க... கருந்தேள் இல்ல? எங்க அப்பா உங்க மேல அழுகின முட்டை எறிஞ்சிருக்காரு சார். மூணு தடவ."

"அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. இப்ப வழிய விடுங்க."

"யாரப் பாக்கணும்?"

"வேங்கைய."

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "அது சரிப்படாது சார். அவரே சீரியஸா இருக்காரு. இங்க வந்து உங்க பழைய பகைய வச்சுக்காதீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்பது வயசு ஆள், பெண்டாட்டி பிள்ளை இருக்கும், இன்னும் அந்தச் சண்டையை நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் நம்பியதற்குக் காரணம் யார்? நான்தான், என் திறமைதான். சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன். "மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன். ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டாத்தான் எனக்கு நிம்மதி." அவர் கண் கலங்கிவிட்டது. "நாலாவது மாடி சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். லிப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.

மாடியில் நீளமான நடை. கடைசியில் இரட்டைக் கதவு, அதற்கு மேல் சிவப்பு விளக்கு. கதவுக்கு முன்னால் அவன் மகள் பைலை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பன் உயரம், அம்மா முகம். நான் அவளைக் கல்யாண போட்டோவில்தான் கடைசியாகப் பார்த்தது, அதையும் வேங்கை திருட்டுத்தனமாகக் காட்டினான். என்னைப் பார்த்ததும் அவள் தாடை இறுகியது.

"நீங்களா? இங்க எதுக்கு வந்தீங்க?"

"அப்பா எங்கம்மா?"

"இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க. காய்ச்சல் ஏறிடுச்சுன்னு சீக்கிரமே ஆரம்பிக்கிறாங்க. நீங்க போயிருங்க."

நான் நேராகக் கதவுக்குப் போனேன். ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்றாள். "சிநேகிதன்" என்றேன். "இவரா?" என்றாள் மகள், "இவரு எங்க அப்பாவ முப்பது வருஷமா அடிச்சவரு. தயவுசெஞ்சு வெளிய அனுப்புங்க." நர்ஸ் சொந்தக்காரர்கள் மட்டும் பேசட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனாள். நான் காலைக் குறுக்கே வைத்தேன்.

"பாப்பா, ஒரே ஒரு நிமிஷம். உங்கப்பாவுக்குக் கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கு. தலையச் சாய்ச்சா ஆபத்து. மயக்க டாக்டர்கிட்ட சொல்லணும்."

"என்னப் பாப்பான்னு கூப்பிடாதீங்க. எங்க அப்பா கழுத்து எனக்குத் தெரியாதா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான். தினம் பேசறோம்."

"பொய்."

பேசிப் பிரயோஜனம் இல்லை. போனை எடுத்து அவன் நம்பருக்குப் போட்டேன். அவள் கைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் 'எலக்ட்ரீஷியன்' என்று இருந்தது. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எலக்ட்ரீஷியன் நீங்களா?"

"ஆமாம்மா. எனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது. அடிச்சது, உதைச்சது எல்லாம் நடிப்பு. நாங்க சேர்ந்து ஒத்திகை பாத்துச் செஞ்சது. ஒரு அடிகூட நெசமா அடிச்சதில்ல."

நான் கவரிலிருந்து படத்தை உருவி நீட்டினேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். டீச்சர் இல்லையா, முதலில் மூலையில் எழுதியிருந்ததைத்தான் படித்தாள்.

"இதுல உங்க பேர் போட்டிருக்கு. இது உங்க கழுத்து."

அதை நான் மறந்தே போயிருந்தேன். நான் செய்த வேலை, நானே மறந்தேன். வேங்கைக்குக் கழுத்து போய்விட்டது என்று தெரிந்தால் கம்பெனியில் இடம் இருக்காது என்று, என் பெயரைக் கொடுத்து அவன் கழுத்தைப் படம் எடுத்தோம். உள்ளே ஏதோ ஒரு மெஷின் பீப் பீப் என்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"பேர் என்னுது, கழுத்து அவனுது" என்றேன்.

"எதுக்காக அப்படிச் செய்யணும்? அவருக்கு எப்பக் கழுத்து உடைஞ்சுது? யார் உடைச்சா?"

அவள் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாள். சற்று முன்புதான் ஒரு அடிகூட நெசம் இல்லை என்று சத்தியம் செய்த வாய் இது. வேறு ஏதாவது சொல்லலாமா, கீழே விழுந்தான், விபத்து என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசிக்க நேரம் இல்லை.

"நான்தான் உடைச்சேன்."

சிநேகிதன் என்று சொன்னபோது பாதிதான் நம்பினாள். உடைத்தவன் என்றதும் முழுசாக நம்பிவிட்டாள். திரும்பி இரண்டு கையாலும் அந்தக் கதவைத் தட்டினாள். "சிஸ்டர், நிறுத்தச் சொல்லுங்க. மயக்கம் கொடுக்க வேணாம்னு சொல்லுங்க. நான் பொண்ணு சொல்றேன்."

மயக்க டாக்டர் ஒரு அம்மாள். பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார். "மருந்து ஊசில ஏத்திக் கையில வச்சிருக்கேன். என்ன விஷயம்?" என்றார். படத்தைக் கொடுத்தோம். இரண்டு விநாடி பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது.

"இது எத்தனை வருஷப் படம்?"

"பதினெட்டு."

"கை மரத்துப்போகுதுன்னு சொல்வாரா?"

"வலது கை சுண்டு விரலும் மோதிர விரலும். நாலு வருஷமா. சட்டைப் பொத்தான் போட முடியறதில்ல."

"எனக்கு யாருமே சொல்லல" என்றாள் மகள், டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

"இப்பவே ஒரு கழுத்துப் படம் எடுக்கறேன். இது அப்படியே இருந்தா, கழுத்த அசையாமப் பட்டை கட்டிட்டு, முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா கேமராக் குழாய் விடணும். ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப ஆபத்து எங்க இருக்குன்னாவது தெரியும்" என்றார். கதவு மூடிக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்து நர்ஸ் வந்து மகளிடம் மட்டும் சொன்னாள்: உடைந்த எலும்பு அப்படியேதான் இருக்கிறது.

நடையில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவள் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். மூன்று நாற்காலி தள்ளி நான் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தை நான் ஏன் பார்த்தேனோ, அப்புறம் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூக்கு வழியாக எவ்வளவு தூரம் போக வேண்டும், அவன் இருமினால் என்ன ஆகும், பட்டை சரியாகக் கட்டியிருப்பார்களா, அவன் பாட்டுக்குத் தலையைத் திருப்பினால் யார் பிடிப்பார்கள்? மேடையில் அவன் தலை என் தொடைகளுக்கு நடுவே எத்தனையோ ஆயிரம் தடவை பத்திரமாக இருந்திருக்கிறது. இன்றைக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் கையில் இருக்கிறது.

"சொல்லுங்க" என்றாள் அவள். பையன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் கேட்கிற குரல்.

சொன்னேன். தலைகீழ் அடி என்று ஒன்று உண்டு. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, அவன் தலையை என் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அப்படியே பொத்தென்று உட்கார வேண்டும். பார்ப்பவனுக்குத் தலை தரையில் மோதினது மாதிரி இருக்கும். உண்மையில் தலை என் தொடைகளுக்குள் நாலு விரல்கடை மேலேயே இருக்கும், தரையைத் தொடவே தொடாது. அன்றைக்குத் தலை வெளியே தொங்கிவிட்டது. உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. அவன் என் காதருகில், 'தேளு, கை எங்க இருக்குன்னு தெரியல' என்றான். ஜனங்கள் வேங்கை, வேங்கை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஜெயிக்க வேண்டியவன் அவன். அதனால் நான் அவன் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து, செத்துக் கிடந்த அவன் கையை நானே எடுத்து என் நெஞ்சு மேல் போட்டுக்கொண்டேன். அவன் என்னை அழுத்திப் பிடித்திருக்கிறான் என்று நடுவர் மூன்று எண்ணினார். வேங்கை ஜெயித்துவிட்டான்.

"அந்த மேட்ச் போட்டோ எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு" என்றாள்.

"தெரியும்."

"அதுக்கப்புறம் மூணு மாசம் வெளிநாட்டு டூர் போனார்."

"டூர் இல்லம்மா. என் தங்கச்சி வீட்டுல கழுத்துப் பட்டையோட படுத்திருந்தான். சுளுக்குன்னுதான் அவகிட்டயும் முதலாளிகிட்டயும் சொன்னோம்."

"பெரிய சாக்லேட் டப்பா ஒண்ணு கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாக்லேட்."

"நான்தான் கடைவீதில வாங்கிக் கொடுத்தேன்."

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த பைலை மடியில் வைத்து, அதன் ஓரத்தை நகத்தால் கீறினாள்.

"என் பையனுக்கு நாலு வயசு" என்றாள். "தினமும் சாயங்காலம் அவர் கழுத்துல ஏறி உக்காந்துதான் பூங்காவுக்குப் போவான். குதிரை, குதிரைன்னு தலைமுடியப் பிடிச்சு ஆட்டுவான். தாத்தா வலிக்குதான்னு கேட்டா, எனக்கென்னடா வலி, நான் வேங்கைடான்னு சொல்வார். நான் பக்கத்துல நடந்து போய் ரசிச்சிட்டிருப்பேன். உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியும். அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நான், வேண்டாம்டா, வேண்டாம்டா என்று போனில் கத்தியிருக்கிறேன். கத்தியதோடு சரி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை.

"தெரியும்" என்றேன்.

"ஒரு நாள் விழுந்திருந்தா? என் பையன் கையில அவர் செத்திருந்தா? அவன் காலம் பூரா என்ன நினைச்சிட்டிருப்பான்? உங்க ரெண்டு பேருக்கும் புத்தி எங்க போச்சு?"

நல்ல கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. அழுகை வந்தது. எழுபது வயசுக் கிழவன், ஒரு காலத்தில் ஊரே தூற்றியவன், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன்.

அவள் பைலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அன்னிக்கு எப்படித் தலை வெளிய வந்துச்சு? கை வழுக்கிடுச்சா?"

பதினெட்டு வருஷமாக நான் எல்லாரிடமும் சொன்னது அதுதான். எலும்பு டாக்டரிடம் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன், வேங்கையிடமும் சொன்னேன். வியர்வை, கை வழுக்கிவிட்டது.

"வழுக்கல" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது என் சொந்த ஊர். என் பையன் முதல் தடவையா மேட்ச் பாக்க வந்திருந்தான், பள்ளிக்கூடப் பசங்களோட. இன்னிக்கு ஒரு நாள் என்ன ஜெயிக்க விடுங்கன்னு முதலாளிகிட்டக் கேட்டேன். வேங்கை ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவர் கேட்பார். சொல்றேன்னான். அவர் முன்னாடி போனதும் வாயே திறக்கல. தலையக் குனிஞ்சிட்டு நின்னான். பையன் முன்னாடி நான் மண்ணக் கவ்வணும்." நான் கவரைத் தரையில் வைத்தேன். "தூக்கும்போதே தலை சரியா இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. நாலு விரல்கடை வெளிய இருந்துச்சு. கீழ எறக்கி மறுபடி தூக்கியிருக்கலாம், பல தடவை அப்படிச் செஞ்சிருக்கோம். கொஞ்சம் வலிக்கட்டும்னு நினைச்சேன். தெரிஞ்சேதான் உக்காந்தேன்."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் பெண்டாட்டிக்கும் தெரியாது. வேங்கையின் மகள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவள் எழுந்து நடையின் அந்தக் கோடிவரை போனாள். அங்கே ஜன்னலைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றாள். கடிகாரத்தில் ஒன்றரை ஆனது. இரண்டும் ஆனது. ஒரு தடவை நர்ஸ் அவசரமாக வெளியே ஓடி ஒரு டப்பாவோடு உள்ளே ஓடினாள், என்ன என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். உட்காரவே இல்லை.

இரண்டே காலுக்கு மயக்க டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார், தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"முழிச்சிட்டார். கை காலு நாலையும் அசைச்சார். என் விரலப் பிடிக்கச் சொன்னேன், விட மாட்டேங்கறார்."

உயிர் போய் உயிர் வந்தது. அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கையைக் கூப்பினேன், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அவள் உள்ளே போனாள். நான் கவரை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தேன். என் வேலை முடிந்தது, இதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை. நாலு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க போறீங்க? உள்ள வாங்க. நீங்க சொன்னத நான் எப்படி அவர்கிட்டச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

கழுத்தில் தடிமனான பட்டை, மூக்கில் குழாய், கையில் ஊசி. வேங்கை அவ்வளவு சின்னதாக இருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. மகளுக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் புருவத்தை நெரித்தான்.

"இவனுக்கு இங்க என்ன வேலை?" என்றான், குரல் உரசியது.

"போதும்ப்பா" என்றாள் அவள். "எல்லாம் தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டான். "அவன் மேல தப்பு இல்லம்மா" என்றான். "வியர்வை. கை வழுக்கிருச்சு."

"வழுக்கலடா" என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "வழுக்கல. கோபத்துல பண்ணினேன்."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"உன் கை எப்பக் கோபமா இருக்கும், எப்ப இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தூக்கும்போதே தெரிஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டான். "முதலாளிகிட்ட நான் வாய் தொறந்திருக்கணும். சொல்றேன்னுட்டுச் சொல்லாம நின்னேன். உன் பையன் முகத்த மேடையிலிருந்து பாத்தேன். அப்புறம் உன்கிட்ட என்னன்னு கேக்கறது?"

பதினெட்டு வருஷம் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் தெரிந்துகொண்டே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போகவில்லை, அது எப்போது போகும் என்றும் தெரியவில்லை. "மன்னிச்சுட்டேன்னு ரெண்டு பேரும் நினைக்க வேணாம்" என்றாள். பைலின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்தாள்.

"அப்பா, எங்கெங்க வலிக்குது? மறைக்காமச் சொல்லணும்."

"எங்கயும் இல்லம்மா, நல்லாத்தான்..."

"வலது கை ரெண்டு விரல்" என்றேன் நான். "இடது தோள் மேல போகாது. குனிஞ்சா தலை சுத்தும். ஒரு காது கேக்காது."

"டேய்" என்றான் அவன்.

அவள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கீங்களான்னு நான் கேக்கல. எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

நான் உட்கார்ந்து, வலது முட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.